நாலு மணிப் பிழை

மஞ்சள் வெளிச்ச அறைக்குள்
பகலும் இரவும் ஒரே நிறம்.
கொள்ளுப்பிட்டியில், ரெயில் பாதைக்கும் காலி வீதிக்கும் நடுவே
ஒரு கீழ்த்தளம்.
மூன்று கைமாறி வந்த இயந்திரம் எங்களுடையது.
மாஸ்க்கில் உள்ள படத்தை
ஐந்தில் ஒன்றாய்ச் சுருக்கி
சிலிக்கன் தட்டில் இறக்கும்.
முதல் படலத்தின் சிலுவைக் குறிக்குள்
இரண்டாம் படலத்தின் சிலுவைக் குறி
போய் உட்கார வேண்டும்.

உட்காரவில்லை.

மயிரிழையில் தப்பினேன் என்று
நூறாம் இலக்க பஸ்ஸில் ஒருவர் போனில் சொன்னார்.
மயிரிழை எங்களுக்கு நாலு வழிப் பெருந்தெரு.
அதை ஆயிரமாய்க் கிழித்து
அதில் ஒரு கீற்றளவு
விலகிக் கிடந்தது படம்.
காலையில் ஏற்றிய தட்டுகள் சரி.
பின்னேரம் நாலை ஒட்டியவை பிழை.
மழை நாளிலும். போயா நாளிலும்.

முதலில் ரெயிலைச் சந்தேகித்தோம்.
பஸ்லான் அதிர்வுமானியை நிலத்தில் வைத்து
ஒரு கிழமை காவல் இருந்தான்.
அளுத்கம வண்டி ஒருநாளும் நேரத்துக்கு வரவில்லை.
பிழை ஒருநாளும் பிந்தவில்லை.
ரெயிலை விட்டுவிட்டோம்.

பிறகு ஏசி.
பிறகு நான்.
நாலு மணிக்கு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து
தட்டு ஏற்றுபவள் நான்தானே,
சூடு என் கையிலிருந்து போகுதோ என்று கேட்டார்கள்.
ஒரு கிழமை தேநீரை நிறுத்தினேன்.
பிழை அப்படியே இருந்தது.
தலையிடி மட்டும் புதிதாய் வந்தது.

கடைசியில்
ஒரு படத்துக்குள் நாற்பத்தொன்பது புள்ளிகளை அளந்தேன்.
விலகலை அம்புகளாய் வரைந்தேன்.
இடம் பெயர்ந்திருந்தால் எல்லா அம்பும் ஒரே திசை பார்க்கும்.
சுழன்றிருந்தால் வட்டமாய் ஓடும்.
இவை நடுவிலிருந்து வெளியே பார்த்தன,
கூட்டத்தில் வெடி போட்டதும்
ஆட்கள் ஓடுவது போல.

படம் பெருத்திருந்தது.

நடுவில் பிழையே இல்லை.
ஓரத்துக்குப் போகப் போக வளர்கிறது.
ஆறு மாதம்
நடுவை மட்டும் அளந்து
எல்லாம் சரி என்று அறிக்கை அனுப்பியவளும்
நான்தான்.

சந்துனி முன்பு வானிலைத் திணைக்களத்தில் இருந்தவள்.
அம்புகளை அவள் பார்க்கவில்லை,
மூலையில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தாள்.
"ஹவச ஹத்தரட்டத?" என்றாள்.
பின்னேரம் நாலுக்கா?

வற்றுப்பெருக்கு கடலுக்கு மட்டும் இல்லையாம்.
இந்த அகலாங்கில் காற்றும் ஏறி இறங்கும்.
காலை பத்துக்கு நிறையும்.
பின்னேரம் நாலுக்கு வற்றும்.
மெலிந்த காற்றில் ஒளி வேறு அளவாய் வளையும்,
லென்ஸ் அறியாமலே படம் பெருக்கும்.
இயந்திரத்தைச் செய்த குளிர்நாட்டில்
புயல்களின் ஏற்ற இறக்கத்துக்குள்
இந்தச் சின்ன வற்று அமுங்கிப் போயிருக்கும்.
கையேட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

முதலாம் குறுக்குத் தெருவில் ஓர் அழுத்த உணரி வாங்கினோம்,
விரல் நகத்தளவு,
விலை இரண்டு சோற்றுப் பார்சல்.
இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் முன்
இயந்திரம் காற்றைக் கேட்கிறது.
கேட்டுவிட்டு மாஸ்க்கை ஒரு பொட்டு நகர்த்துகிறது.

பிழை என்றால் தவறு.
பிழை என்றால் உயிர் தப்பு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள்
எந்த ஓரத்தில் நின்று அளந்தார்களோ.

நேற்று நாலு மணித் தட்டில்
சிலுவைக்குள் சிலுவை.
முழுக்க இல்லை.
பன்னிரண்டு நானோமீற்றர் மிச்சம் இருக்கு,
எந்தக் கணக்கிலும் சேராமல்.
பஸ்லான் அதை இன்னும்
ரெயில் என்கிறான்.